பழைய கடிகாரமும் புதிய பொய்யும்

மணமகனுக்கு மோதிரமும் கைக்கடிகாரமும் அணிவிப்பது நம் மதுரை வட்டாரத்தில் நெடுநாளைய வழக்கம். ஒரு தலைமுறைக்கு முன்னர் அந்தக் கடிகாரம் பெரும்பாலும் எச்.எம்.டி.யாகவே இருக்கும். சோழவந்தான் நெல்வயல்கள் முதல் மேலூர்க் கண்மாய்க்கரை வரை ஆசிரியர், தபால்காரர், இரயில்வே ஊழியர் என எத்தனையோ பேரின் மணிக்கட்டில் அது ஓடிக்கொண்டிருந்தது. இன்று அப்பழைய கடிகாரத்துக்கு எதிர்பாராத மவுசு வந்திருக்கிறது. மவுசு வந்த இடத்திற்குப் போலியும் வந்து சேர்ந்திருக்கிறது. அண்மையில் நம் கண்முன் நடந்த ஒரு நிகழ்ச்சியே இதுபற்றி எழுதத் தூண்டிற்று.

நமக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர். ஊர் சோழவந்தான் பக்கம். அவருடைய தந்தை ஓய்வுபெற்ற ஆசிரியர். 1978-இல் நடந்த தம் திருமணத்தில் மாமனார் அணிவித்த எச்.எம்.டி. பைலட் கடிகாரத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் பேருந்து நெரிசலில் அவர் தொலைத்துவிட்டார். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. ஆயினும் மணி பார்ப்பதற்காக வெறுங்கையைத் திருப்பும் பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அதைக் கண்ட மகன், இணையத்தில் தேடி, "ஒருபோதும் அணியப்படாத பழைய சரக்கு, முற்றிலும் அசல்" என்ற விளம்பரத்தை நம்பி, ஒரு பைலட் கடிகாரத்தை நல்ல விலை கொடுத்து வாங்கினார். தந்தையின் பிறந்தநாள் வரை பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தார். பிறந்தநாளன்று சாவி கொடுத்துக் கட்டிய கடிகாரம் மூன்றாம் நாள் நின்றுவிட்டது. திருப்பி அனுப்பும் தவணையும் அதற்குள் கடந்துவிட்டது.

மூடியைத் திறந்தபோது

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சிறு கண்ணாடிப் பெட்டிக்குப் பின் அமர்ந்து தொழில் செய்யும் முதிய பழுதுபார்ப்பாளரிடம் அவரை நாமே அழைத்துச் சென்றோம். பெரியவர் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய இரண்டு சிறு குறிப்புகள் இருந்தன.

"தம்பி, இது எங்கள் தொழிலில் உள்ள வழக்கம். யார், எப்போது சுத்தம் செய்தோம் என்று கீறிவைப்போம். யாருமே அணியாத கடிகாரத்தை இரண்டு பேர் எதற்காகச் சுத்தம் செய்தார்கள்?" என்று அவர் கேட்டார்.

பின்னர் டயலைக் காட்டினார். எழுத்துகள் தடித்து, ஓரம் கசிந்திருந்தன. நிமிடக் கோடுகள் மணி எண்களுக்கு நேராக நிற்கவில்லை. வினாடி முள் நிமிட வட்டத்தை எட்டவில்லை. டயலைத் தாங்கும் சிறு கால்கள் வெட்டப்பட்டு, அது பசையால் ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே இருந்த மெஷின் எச்.எம்.டி.யே, ஆனால் 'ஜனதா' கடிகாரத்திலிருந்து எடுத்தது என்பது பெரியவரின் கணிப்பு. கூடு ஒன்று, முள் ஒன்று, முகம் ஒன்று என மூன்று நான்கு கடிகாரங்கள் சேர்ந்து ஒன்றானது அது.

இந்நிலை எவ்வாறு தோன்றியது?

பெங்களூரில் 1953-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1961-இல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிற்று. முதல் கடிகாரங்களை வெளியிட்டவர் பிரதமர் நேரு. ஜனதா, பைலட், சோனா, கோகினூர் என்ற பெயர்கள் வீடுதோறும் வழங்கின. 1984-இல் டைட்டன் தோன்றி, ஒசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்கள் வரத் தொடங்கியபின் காலம் மாறியது. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூடுவதற்கு 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பழைய மாதிரிகள் கிடைக்காமற்போகும் என்றவுடன் அவற்றைத் தேடுவோர் பெருகினர்.

மற்றொரு காரணமும் உண்டு. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாயிருந்த நாட்களில் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் உறவினர் கொண்டுவந்த சீக்கோ, சிட்டிசன் கடிகாரங்களுக்கு உதிரி பாகம் கிடைப்பது அரிது. ஓடாத ஒன்றைப் பிரித்து, ஓடக்கூடிய மற்றொன்றைப் பிழைக்கவைத்தனர் நம் தொழிலாளர். நம் வெயிலிலும் வியர்வையிலும் கறுத்துப்போன டயலுக்கு, உடையவர் கேட்டுக்கொண்டபடி புதுவண்ணம் பூசினர். இதில் குற்றம் ஏதுமில்லை. ஏழை ஒருவரின் கடிகாரத்தை மீண்டும் ஓடவைத்த நற்றொழில் அது. அதே கைத்திறனைப் பிற்காலத்தில் சிலர் இணைய வாணிகத்துக்குப் பயன்படுத்தி, "அசல்" என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டனர். இத்தகைய இந்தியக் கடிகாரங்களுக்கு வெளிநாட்டுச் சேகரிப்போர் "மும்பை ஸ்பெஷல்" என்றே பட்டப்பெயர் சூட்டிவிட்டனர். நேர்மையாக உழைக்கும் தொழிலாளருக்கும் இப்பெயர் இழுக்கன்றோ?

அடையாளம் காண்பது எப்படி?

பெரியவர் அன்று நமக்குக் கற்பித்தவற்றையும், பின்னர் நாம் கற்றறிந்தவற்றையும் வாசகர்களுக்காகத் தொகுத்துத் தருகிறோம்.

முதலாவது, ஒரு கடிகாரத்தின் உறுப்புகள் யாவும் ஏறக்குறைய ஒரே வயதைக் காட்டவேண்டும். கூடு தேய்ந்து, முனைகள் மழுங்கியிருக்க, டயல் மட்டும் நேற்றுப் பூசியதுபோல் பளபளத்தால் ஐயுறுக.

இரண்டாவது, எழுத்து. ஆலையில் அச்சிட்ட எழுத்து பூதக்கண்ணாடியின் கீழும் கூர்மையாக நிற்கும். மறுபடி பூசிய எழுத்து பிசிறடிக்கும். நிறுவனம் ஒருபோதும் வெளியிடாத ஆரஞ்சு, ஊதா நிறங்களும், திடீரென்று முளைத்த இராணுவச் சின்னங்களும் எச்சரிக்கை மணிகளே. பழைய விளம்பரங்களோடும் விலைப்பட்டியல் படங்களோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

மூன்றாவது, எண்கள். சீக்கோ கடிகாரமானால் பின்மூடியில் மெஷினின் நான்கிலக்க எண்ணும், அதையடுத்துக் கூட்டின் எண்ணும் இருக்கும். 7009 என்று மூடியில் இருந்தால் உள்ளே இருக்கும் மெஷினும் 7009 ஆகவே இருக்கவேண்டும். டயலின் அடியோரத்தில் காணும் நுண்ணெழுத்தும் அதே எண்ணில் தொடங்கவேண்டும். அக்காலத்து வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும், அடுத்தது மாதத்தையும் குறிக்கும்.

நான்காவது, நம் மக்கள் "ரேடியம்" என்று பொதுவாக அழைக்கும் ஒளிப்பூச்சு. மெய்யான ரேடியம் 1960-களில் கைவிடப்பட்டு, டிரிட்டியம் அதன் இடத்துக்கு வந்தது. டிரிட்டியத்தின் வீரியம் ஏறக்குறைய 12 ஆண்டுகளில் பாதியாகிவிடும். எனவே ஐம்பதாண்டுப் பழமை கூறப்படும் கடிகாரம் இரவெல்லாம் பிரகாசித்தால் அப்பூச்சு பிற்காலத்தது. மிகப் பழைய கடிகாரத்தின் பூச்சை வீட்டில் சுரண்டிப் பார்க்க வேண்டாம். ரேடியத் தூள் உடலுக்குத் தீங்கானது.

இறுதியாக, விற்பவரிடம் எழுத்திலேயே கேளுங்கள்: டயல் மறுபூச்சா? முட்களும் கூடும் அதே கடிகாரத்தினுடையவையா? திறந்த மெஷினின் படம் தருவீர்களா? மெய் சொல்பவர் மறுக்கமாட்டார். கடிகாரம் கைக்கு வந்தவுடன், திருப்பும் தவணைக்குள்ளேயே, அறிந்தவரிடம் காட்டுங்கள். விளம்பரத்தில் கூறிய தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கலாகாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் விற்பனையாளரைக் கட்டுப்படுத்துகின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

"என்ன எழுதுவாய்?"

நிகழ்ச்சிக்குத் திரும்புவோம். விற்றவருக்கு அனுப்பிய கடிதங்களுக்கு விடை வரவில்லை. மனம் கசந்த இளைஞர், "நான் வாங்கிய விலைக்கே இதை வேறொருவருக்கு விற்றுவிடுகிறேன். அதே படம், அதே விளம்பரம். என்னை ஏமாற்றினார்களே!" என்றார்.

பெரியவர் தலைநிமிராமல், "விளம்பரத்தில் என்ன எழுதுவாய், தம்பி?" என்று கேட்டார். இளைஞர் பேசவில்லை. "நேற்றுவரை உனக்குத் தெரியாது. இன்று நான் திறந்து காட்டிவிட்டேன். இனி 'அசல்' என்று எழுதினால் அது உன் பொய்" என்றார் அவர்.

நாம் சொல்ல எண்ணியதை அவர் நம்மைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். பழுதுபார்த்தது பொய்யன்று, பழுதுபார்த்ததை மறைப்பதே பொய். ஏமாந்தவர் அப்பொய்யை அடுத்தவர் கையில் தள்ளிவிடும்போது அது வளர்கிறது. ஒருவர் நட்டத்தை ஏற்று நிறுத்தும்போதுதான் அது சாகிறது. அந்த நட்டம் சிறிதன்று என்பதையும் நாம் அறிவோம். அவருக்கு அது ஏறத்தாழ ஒரு வார ஊதியம்.

இளைஞர் கடிகாரத்தை விற்கவில்லை. பெரியவர் மெஷினைச் சுத்தம் செய்து, பொருத்தமான வினாடி முள்ளிட்டு, மூடியின் உட்புறத்தில் மூன்றாவது குறிப்பைக் கீறினார். வீட்டில் மகன் நடந்தது அனைத்தையும் மறைக்காமல் கூறினார். தந்தை கடிகாரத்தைக் காதருகே வைத்துச் சிறிது நேரம் கேட்டார். "என்னுடையது இதுவன்று, அது எனக்கு முதல் நாளே தெரியும். நீ வருந்துவாய் என்று சொல்லவில்லை" என்றார். பின்னர் அதைக் கையில் கட்டிக்கொண்டார்.

அவர் இப்போது காலைதோறும் அதற்குச் சாவி கொடுக்கிறார். நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் பிந்துகிறதாம். அதை யார் கேட்டாலும் மறைக்காமல் சொல்கிறார்.