புயலுக்கு முந்தைய பகல்

2018 நவம்பர் 16. நள்ளிரவு பன்னிரண்டரைக்கும் இரண்டரைக்கும் இடையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர் வேகம், இடையிடையே 120. டெல்டாக்காரர்களிடம் அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்டால் தென்னை சாய்ந்ததையும் ஓடு பறந்ததையும் அப்புறம்தான் சொல்வார்கள். முதலில் சொல்வது சத்தத்தை. கரண்ட் எப்போதோ போய்விட்டது. வெளியே பார்க்க வழியில்லை. விழுந்தது என்ன, உடைந்தது யாருடையது, அடுத்தது நம் கூரையா என்பதையெல்லாம் காதால் மட்டுமே கணக்குப் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நேரத்தில் ஒருவரிடம் "பதற்றப்படாதீங்க" என்று சொல்லிப் பயனில்லை. புயல் ராத்திரியில் ஒரு வீடு நிதானமாக இருக்குமா, அலறுமா என்பது முதல் நாள் பகல் வெளிச்சத்திலேயே முடிவாகிவிடுகிறது. அந்தப் பகல் நமக்குக் கிடைக்காமல் போவதும் இல்லை. மோசமான வானிலை தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பே இந்திய வானிலை ஆய்வுத் துறை எச்சரிக்கையைக் கொடுத்துவிடுகிறது. 24 மணி நேரம் இருக்கும்போது இன்னும் துல்லியமான அடுத்த எச்சரிக்கை வருகிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடிப் புயலில் ரயிலோடு அடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு இப்படியொரு வாய்ப்பு இருக்கவில்லை.

வீட்டில் பத்திரமாக இருப்பது எப்படி என்று யோசிக்கும் முன், அந்த வீட்டில் இருக்கலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கூரை வீடு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடு, சுவர் நனைந்து ஊறும் மண் வீடு, கடலுக்கோ முகத்துவாரத்துக்கோ ஆற்றங்கரைக்கோ ஒட்டிய தாழ்ந்த வீடு என்றால் பதில் ஒன்றுதான்: இருக்கக் கூடாது. ஓட்டு வீடாக இருந்து பக்கத்திலேயே உறவினரின் கான்கிரீட் வீடு இருந்தால் அங்கே போய்விடுவதே நல்லது. கஜாவுக்கு முன்பு எண்பதாயிரம் பேருக்கு மேல் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். வர மறுப்பவர்கள் சொல்லும் காரணம் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: மாடு கன்றை யார் பார்ப்பது? அதற்குப் பெரியவர்கள் கண்ட வழி கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துவிடுவது. கயிற்றில் கட்டிய மாடு தண்ணீர் ஏறினால் தப்பிக்க முடியாது. அவிழ்த்துவிட்டால் மேடு தேடிப் போய்விடும். கிளம்புவதாக இருந்தால் பகலிலேயே கிளம்புங்கள். காற்று பிடித்த பிறகு, கையில் குழந்தையோடு, தகரம் பறக்கும் தெருவில் நடப்பது வீட்டில் இருப்பதைவிட மோசமானது. பிரசவ நாள் நெருங்கிய பெண்களைச் சுகாதாரத் துறையே முன்கூட்டி மருத்துவமனையில் சேர்க்கிறது. கூப்பிட வரும்போது "இன்னும் வலி வரலையே" என்று திருப்பி அனுப்ப வேண்டாம்.

சரி, வீடு கான்கிரீட், இருக்கலாம் என்று முடிவாகிவிட்டது. முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் மொட்டை மாடி. பூந்தொட்டி, துணி காயப்போடும் கம்பி, பழைய கட்டில், கழற்றிப் போட்ட தகரம், கேபிள் டிஷ், கைப்பிடிச் சுவரில் அடுக்கிய செங்கல் எல்லாம் மணிக்கு நூறு கிலோமீட்டர் காற்றில் யாருடைய ஜன்னலையாவது தேடிப் போகக்கூடியவை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. அறுபதில் அசையாமல் நின்ற பொருள் நூற்றிருபதில் ஏன் காணாமல் போகிறது என்பதற்கு விளக்கம் இதுதான். தண்ணீர் டேங்கை மறந்துவிடாதீர்கள். காலி பிளாஸ்டிக் டேங்கை ஒரே ஆள் தூக்கிவிடலாம். காற்றுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆயிரம் லிட்டர் நிரம்பியிருந்தால் அதன் எடை ஒரு டன். கரண்ட் இருக்கும்போதே மோட்டார் போட்டு நிரப்பிவிட்டால் டேங்கும் நகராது, நான்கு நாள் குளிக்கவும் கழுவவும் தண்ணீரும் இருக்கும். குடிதண்ணீரைத் தனியாகக் குடங்களில் பிடித்து மூடி வையுங்கள்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் வீடுகளுக்கு அது தெரியும். அவல், பொட்டுக்கடலை, புளிசாதம், பிஸ்கட், பால் பவுடர் போதும். ஆனால் மாத்திரையைக் கணக்குப் பாருங்கள். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் குறைந்தது ஒரு வாரத்துக்கு இருக்க வேண்டும். கரண்ட் இல்லாத நாட்களில் இன்சுலினை ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் சின்ன டப்பாவில் வைத்துச் சமாளிக்கலாம். பட்டா, ரேஷன் கார்டு, ஆதார், பள்ளிச் சான்றிதழ்களை ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டிப் பரண் மேல் ஏற்றிவிடுங்கள்.

ஜன்னல் விஷயத்தில் ஊருக்கு ஒரு பேச்சு இருக்கிறது. "காத்து உள்ளே வந்தா வெளியே போக வழி வேணும், எதிர் ஜன்னலைத் திறந்து வை" என்பார்கள். அதைக் கேட்காதீர்கள். காற்று கூரையைத் தள்ளுவதோடு நிற்பதில்லை. மேலே வேகமாக ஓடும்போது அதை மேல்நோக்கி இழுக்கவும் செய்கிறது. அதே நேரத்தில் திறந்த ஜன்னல் வழியே உள்ளே நுழையும் காற்று கீழிருந்து முட்டும். அடித்த காற்றில் குடை மேல்நோக்கி மடங்குவது இப்படித்தான். ஆகவே எல்லா ஜன்னலும் மூடியிருக்கட்டும், கொக்கி தளர்ந்திருந்தால் கயிறு போட்டுக் கட்டுங்கள். உள் அறைகளின் கதவுகளையும் சாத்தித் தாழ்ப்பாள் போடுங்கள். ஒரு ஜன்னல் உடைந்தால்கூட அழுத்தம் அந்த அறையோடு நின்றுவிட வாய்ப்பிருக்கிறது.

இனி ராத்திரி. எந்த அறையில் இருப்பது? இதற்குக் காற்றின் கணக்கு கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும். அந்தக் கணக்கு தெரிந்தவர்களுக்குப் பயம் பாதியாகிவிடும். நம் பக்கத்துப் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்பவை. வங்காள விரிகுடாவிலிருந்து மேற்கு நோக்கி வரும் புயலின் மையம் நேரே உங்கள் ஊர் மேல் வருமானால், முதலில் காற்று வடக்கிலிருந்து அடிக்கும். மையம் போன பிறகு தெற்கிலிருந்து அடிக்கும். புயல் உங்களுக்குத் தெற்கே கரை கடந்தால் வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று காற்று திரும்பும்; கடல் பொங்கி உள்ளே வருவதும் இந்தப் பக்கத்தில்தான். வடக்கே கடந்தால் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு. முதல் பாதியில் தெற்குப் பார்த்த அறை, இரண்டாம் பாதியில் வடக்குப் பார்த்த அறை என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஜன்னலே இல்லாத ஓர் அறையோ மாடிப்படிக்குக் கீழே இடமோ இருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. அங்கே பாயைப் போட்டுவிடுங்கள்.

மையம் மேலே போகும் ஊர்களில் எல்லாரும் ஏமாறும் ஒரு நேரம் உண்டு. பேயாக அடித்த காற்று திடீரென்று நின்றுவிடும். மழையும் குறையும். சில நிமிடங்களும் இருக்கலாம், ஒரு மணி நேரமும் இருக்கலாம். "அப்பாடா, முடிஞ்சுது" என்று கதவைத் திறந்து வெளியே போவது அப்போதுதான். 2016 டிசம்பர் 12 பிற்பகலில் வர்தா சென்னையைக் கடந்தபோது இந்த அமைதி வந்தது. வெளியே வராதீர்கள், காற்று மறுபடி வரும் என்று எச்சரித்தார்கள். வந்தது. மறுபடி வரும்போது எதிர்த்திசையிலிருந்து, முன்னறிவிப்பில்லாமல் முழு வேகத்தில் வரும். முதல் பாதியில் ஒரு பக்கமாக ஆட்டி வேரை இளக்கிய மரத்தை இரண்டாம் பாதி மறுபக்கமாகச் சாய்க்கும். காற்று நின்றால் அறை மாறுங்கள், குழந்தையைப் பாத்ரூமுக்கு அழைத்துப் போங்கள். வாசல் கதவை மட்டும் தொடாதீர்கள்.

டிவி சேனல்களின் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. "எங்கே கரையைக் கடக்கும்" என்ற ஒரே கேள்வியை மூன்று நாள் ஓட்டுகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரை கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே, 5-ஆம் தேதி. சென்னை மூழ்கியது அதற்கு முன், 3, 4 தேதிகளில். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் நகராமல் அங்கேயே நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. காற்றுக்குத் தயாரானவர்கள் தண்ணீரில் சிக்கினார்கள். தரைத்தளத்தில் இருப்பவர்கள் பிளக் பாயின்ட் உயரத்துக்குத் தண்ணீர் வரும்வரை காத்திருக்கக் கூடாது. வாசற்படியைத் தொட்டதுமே, கால் நனையாத இடத்தில் நின்றுகொண்டு, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விட வேண்டும். மாடி இல்லையென்றால் மாடி இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் மழைக்கு முன்பே சொல்லி வைப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

செய்தி பார்ப்பதற்கும் ஒரு அளவு வேண்டும். வானிலைத் துறையின் அறிக்கை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வருகிறது. கரையை நெருங்கும்போது மணிக்கு ஒருமுறை. இடைப்பட்ட நேரத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றுவது பெரும்பாலும் பழைய வீடியோவும் யாரோ ஒருவரின் பீதியும்தான். மணிக்கு ஒருமுறை போனைப் பார்த்துவிட்டு அணைத்து வைத்தால் சார்ஜும் மிஞ்சும், மனமும் மிஞ்சும். பேட்டரி ரேடியோ இருக்கும் வீடு பாக்கியம் செய்த வீடு. குழந்தைகளிடம் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொன்னால் அவர்கள் நம்புவதில்லை. சத்தம் அவர்களுக்கும் கேட்கிறதே. "இன்னும் ரெண்டு மணி நேரம் இப்படித்தான் அடிக்கும், நடுவுல நிக்கலாம், அப்புறம் அந்தப் பக்கத்துலேருந்து அடிக்கும்" என்று சொல்லுங்கள். சொன்னபடியே நடப்பதைப் பார்த்தால் குழந்தை தாத்தா பாட்டிக்குத் தைரியம் சொல்ல ஆரம்பித்துவிடும். மெழுகுவர்த்தியைக் கொசுவலைக்கும் சிலிண்டருக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் மூடிய அறையில் ஓட்டவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது, தூங்குபவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும்.

விடிந்ததும் எல்லாரும் வெளியே ஓடுகிறோம். அங்கேதான் நிதானம் அதிகம் வேண்டும் என்பேன். கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தேங்கிய தண்ணீருக்குள் கிடக்கும் கம்பியில் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை என்பதும் பாதுகாப்பல்ல. எங்கோ ஒரு வீட்டில் மெயின் சுவிட்சை அணைக்காமல் ஜெனரேட்டரை இணைத்திருந்தால் அந்தக் கரண்ட் லைனில் திரும்பி ஏறும். கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேனுக்கு அது மரணம். கஜாவுக்குப் பிறகு பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் சேற்றுக்குள் கம்பம் நட்டார்கள். அவர்கள் உயிர் நம் வீட்டு சுவிட்சிலும் இருந்தது. நனைந்த ஓட்டின் மேல் ஏறிச் சரிபார்ப்பதையும், பாதி சாய்ந்து தொங்கும் தென்னையை நீங்களே வெட்டப் பார்ப்பதையும் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். செருப்பில்லாமல் தோட்டத்துக்குள் போகாதீர்கள். பாம்பும் நம்மைப் போலவே மேட்டைத் தேடி வந்திருக்கும்.

மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையத்தின் எண் 1070. மாவட்டத்துக்கு 1077. மின்சாரப் புகாருக்கு மின்னகம், 94987 94987. ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101. அக்டோபர் பிறந்ததும் இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவர்க் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். போனில் மட்டும் பதிந்து வைத்திருந்தால் சார்ஜ் தீர்ந்த பிறகு பயன்படாது.