கடுகெண்ணெயும் நம் அடுக்களையும்

வடபுலம் குடியேறிய நம் இல்லங்களில் நல்லெண்ணெய்ச் சாடிக்கு அருகே கடுகெண்ணெய்ப் புட்டியும் இடம்பெற்றுவிட்டது. வங்க நண்பர் வீட்டு மீன்குழம்பைச் சுவைத்த பிள்ளைகள் அதையே கேட்கின்றனர். பாட்டிமாரோ அதன் நெடிக்கே முகம் சுளிக்கின்றனர். இவ்வழக்கைச் சற்றே ஆராய்வோம்.

நல்லெண்ணெயில் மிகுந்துள்ள ஒலீயிக், லினோலீயிக் அமிலங்கள் 18 கரியணுக்கள் கொண்டவை. நம் நாட்டுக் கடுகெண்ணெயிலோ, 22 கரியணுக்கள் தொடுத்த எரூசிக் அமிலம் நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு உள்ளது. இதனை மிகுதியாக உண்ட எலிகளின் இதயத் தசையில் கொழுப்புப் படிந்ததை ஆய்வாளர் கண்டனர். மனிதருக்கு அத்தீங்கு நேர்வதாக மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் கனடா நாட்டார் 1970களில் அவ்வமிலம் குறைந்த கடுகின வித்துகளுக்கு மாறினர். தில்லிப் பூசா நிலையத்தாரும் அதனை 2 விழுக்காட்டிற்கும் கீழாகக் குறைத்த கடுகு வகைகளை வெளியிட்டுள்ளனர்.

நெடிக்குக் காரணம் இவ்வமிலமன்று. கந்தகம் கலந்த வேறொரு பொருளே. ஆகவே இவ்வழக்கில் மூக்கு நீதிபதியாக இயலாது.

பிள்ளைகளின் மீன்குழம்பைத் தடுக்க வேண்டுவதில்லை. ஒரே எண்ணெயை நாள்தோறும் பற்றிக்கொள்ளாது, மாற்றி மாற்றிப் பயன்கொள்வோம். பாட்டியின் சாடியும் வற்றாதிருக்கட்டும்!