கிணற்று நீரும் பல்லின் கறையும்

சில ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளை வாய் திறக்கச் சொல்லிப் பார்த்தால், பலருடைய முன்பற்களில் சுண்ணாம்பு போன்ற வெண்திட்டுகளோ, மஞ்சள் அல்லது பழுப்பு நிறக் கோடுகளோ குறுக்காக ஓடுவதைக் காணலாம். "ஒழுங்காகப் பல் துலக்குவதில்லை" என்று பிள்ளையைக் கடிந்துகொள்வது எளிது. ஆனால் எவ்வளவு துலக்கினாலும் இக்கறை நீங்குவதில்லை. அது பல்லின்மேல் படிந்ததன்று. பல் உருவாகும்போதே அதனுள் அமைந்தது. இதற்குக் காரணம் குடிநீரில் அளவுக்கு மிஞ்சிக் கலந்துள்ள புளோரைடு. அது பாறையிலிருந்து பல்லை அடையும் வழியை அறிய நிலவியல், இரசாயனம், மூலக்கூற்று உயிரியல் ஆகிய மூன்றும் நமக்குத் துணைபுரிகின்றன.

பாறையும் நீரும்

புளோரின் அணு ஓர் எலக்ட்ரானை ஏற்று எதிர்மின்னேற்றம் பெறும்போது புளோரைடு அயனியாகிறது. புளோர்ஸ்பார், அபடைட், கருநிற அப்பிரகம் ஆகிய கனிமங்களில் இது அடங்கியுள்ளது. கிரானைட், நைஸ் போன்ற கடினப் பாறைகளில் இக்கனிமங்கள் விரவிக் கிடக்கின்றன. மண்ணினூடே இறங்கும் மழைநீர் கரியமில வாயுவை ஏற்று, பாறை வெடிப்புகளில் தங்கி, கனிமங்களைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. மழை குறைந்த நிலப்பகுதிகளில் இந்நீர் நெடுங்காலம் தங்குவதால் புளோரைடும் மிகுகிறது.

இங்கு ஓர் இரசாயன உண்மையைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். கால்சியமும் புளோரைடும் கூடினால் எளிதிற் கரையாத கால்சியம் புளோரைடு உண்டாகும். ஆகவே, கால்சியம் மிகுந்த நீரில் புளோரைடு அதிகம் தங்க இயலாது. சோடியம் பைகார்பனேட் மிகுந்த நீரிலோ கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடுகிறது; புளோரைடு தடையின்றிக் கரைந்து நிற்கிறது. இதனால், சோப்பு நன்கு நுரைக்கும் மென்னீரிலேயே புளோரைடு மிகுந்திருக்கக்கூடும். நிறமோ மணமோ சுவையோ இதனைக் காட்டிக் கொடுப்பதில்லை.

உடலினுள்

எலும்பிற்கும் பல்லிற்கும் உறுதி தருவது ஹைட்ராக்சி அபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் படிகம். இதிலுள்ள ஹைட்ராக்சில் அயனியும் புளோரைடு அயனியும் ஏறத்தாழ ஒரே பருமனும் ஒரே மின்னேற்றமும் உடையவை. எனவே ஒன்றின் இடத்தில் மற்றொன்று எளிதில் அமர்ந்துகொள்கிறது. சிறிதளவு புளோரைடு பற்சொத்தையைத் தடுக்க உதவுகிறது. மிகுந்தாலோ தீங்கு விளைகிறது.

பல்லின் எனாமலை உருவாக்கும் உயிரணுக்கள், தம் ஜீன்களிலுள்ள குறிப்பின்படி அமிலோஜெனின் என்னும் புரதத்தை முதலில் சுரக்கின்றன. பின்னர் நொதிகள் அப்புரதத்தைச் சிதைத்து அகற்ற, அவ்விடத்தைப் படிகங்கள் நிரப்புகின்றன. புளோரைடு மிகுந்தால் புரதம் அகல்வது தாமதமாகிறது. எனாமல் இறுகாமல் நுண்துளைகளோடு நின்றுவிடுகிறது. பின்னாளில் அதில் கறை ஏறுகிறது. நிரந்தரப் பற்களுள் பெரும்பாலானவற்றின் எனாமல் ஏறக்குறைய எட்டு வயதிற்குள் உருவாகிவிடுவதால், அவ்வயதிற்கு முன் பருகிய நீரே பல்லின் தோற்றத்தை முடிவு செய்கிறது. எலும்பிலோ புளோரைடு ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, மூட்டுவலியையும் முதுகெலும்பின் விறைப்பையும், முற்றிய நிலையில் ஊனத்தையும் உண்டாக்குகிறது. இதனை மருந்தால் மாற்றுதல் அரிது. வருமுன் காத்தலே வழி.

நம் நாட்டில்

இந்தியாவில் எலும்பைத் தாக்கும் இந்நோய், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் காணப்பட்டு, 1937ஆம் ஆண்டு ஷார்ட் என்பவராலும் அவருடன் பணியாற்றியவர்களாலும் வெளியிடப்பட்டது. நல்கொண்டா, தருமபுரி முதலிய மாவட்டங்களிலும் இது நெடுநாளைய துன்பம். தலைநகரும் இதற்கு விலக்கன்று. தில்லியின் வடமேற்கு, தென்மேற்குப் பகுதிகளில் சில இடங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு வரம்பை மீறிக் காணப்படுகிறது. தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய தர நிர்ணய அமைவனம், குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளோரைடு ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் விதித்துள்ளது.

செய்யத்தக்கவை

புளோரைடை அகற்ற நீரைக் காய்ச்சுதல் பயன்படாது. நீர் ஆவியாகிப் புளோரைடின் செறிவே கூடும். நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் வகுத்த நல்கொண்டா முறையில், சுண்ணாம்பும் படிகாரமும் உரிய அளவில் கலந்து, புளோரைடை வண்டலோடு இறக்குகின்றனர். அளவு தவறினால் அலுமினியம் நீரில் தங்கும். ஆதலால் பயிற்சி பெற்றோரே இதனைச் செய்தல் வேண்டும். இயன்ற இடங்களில் வேறு நீரைக் கொணர்வதே சிறந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைத் தரும் ஒகேனக்கல் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது இந்நோக்கத்திற்காகவே. மழைநீரைச் சேமித்துப் பருகுவதும் நலம்.

ஒரே ஊரில் அடுத்தடுத்த இரு கிணறுகளின் புளோரைடு அளவு வேறுபடலாம். ஆகவே களப்பணியாளர்கள் ஒவ்வொரு கிணற்று நீரையும் தனித்தனியே சோதித்தல் இன்றியமையாதது. சிர்கோனியம்–அலிசரின் சாயக் கரைசலைச் சேர்த்தால், புளோரைடு மிக மிகச் சிவப்பு நிறம் மங்கி மஞ்சளாகும். இது களத்திலேயே செய்யக்கூடிய சோதனை. ஊரில் இக்கறையை முதலில் காணும் வாய்ப்பு பெரும்பாலும் ஆசிரியருக்கே வாய்க்கிறது. அவர் பிள்ளையைக் கடிவதை விடுத்து, அப்பிள்ளை எக்கிணற்று நீரைப் பருகுகிறது என்று வினவிச் சுகாதார அலுவலருக்குத் தெரிவிப்பாராயின், அவ்வீட்டில் இனிப் பிறக்கும் குழந்தையின் பற்களையேனும் காத்தவராவார்.