ரெயிலை மறைக்கும் சாம்பல்!

அடுப்புச் சாம்பலைக் கண்டு யாரும் பயப்படுவது இல்லை. பாத்திரம் துலக்க உதவும், செடிக்கு உரமாகும், ஊதினால் பறந்துவிடும்.

எரிமலை கக்கும் சாம்பல் அப்படிப்பட்டது அல்ல. அது எதுவும் எரிந்து உண்டானதே அல்ல! பூமிக்கு அடியில் இருந்து பொங்கி வரும் பாறைக் குழம்பு, அதில் அடைபட்ட வாயுக்களின் வேகத்தால் வெடித்துச் சிதறி, உறைந்துபோன தூள்தான் அது. கல்லும் கண்ணாடியும் கலந்த பொடி. தண்ணீரில் கரையாது. எஃகையும் கீறும்.

இந்தப் பொடி எந்திரங்களுக்குள் புகுந்தால் என்ன ஆகும்? 1980-ம் ஆண்டில் அமெரிக்கா அதைக் கண்டது.

பகலில் இருட்டு

வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள எரிமலை, செயின்ட் ஹெலன்ஸ். 1980-ம் ஆண்டு மே மாதம் 18-ந்தேதி ஞாயிற்றுக்கிழமை காலை 8-32 மணிக்கு அது வெடித்தது. 57 பேர் மாண்டார்கள். மலையைச் சுற்றி சுமார் 24 கிலோமீட்டர் நீளத்துக்கு ரெயில் பாதை நாசமாயிற்று.

மலை அருகில் நடந்தது இது. சாம்பல் செய்த வேலையோ வெகு தூரம் வரை எட்டியது. காற்று அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போயிற்று. சுமார் 135 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் யாகிமா நகரம் பட்டப்பகலில் இருண்டது. இரவு வந்துவிட்டது என்று எண்ணி, தானாக எரியும் தெரு விளக்குகள் எரிந்தன! அந்த நகரில் விழுந்த சாம்பலை அள்ளி முடிக்கப் பத்து வாரம் ஆயிற்று.

மோட்டார் வண்டிகள் திணறின. என்ஜினுக்குக் காற்றை வடிகட்டி அனுப்பும் "பில்டர்" அடைத்துக்கொண்டது. அதையும் தாண்டி உள்ளே போன தூள் எண்ணெயில் கலந்தது. தேய்மானத்தைத் தடுக்க வேண்டிய எண்ணெயே, உப்புத்தாள் போல உலோகத்தைத் தேய்த்தது. சிலர், பெண்கள் அணியும் நைலான் காலுறையை பில்டரின் மேல் மாட்டி வண்டி ஓட்டினார்கள்!

மின்சாரத்தையும் சாம்பல் விட்டுவைக்கவில்லை. டிரான்ஸ்பார்மர்களில் "ஷார்ட் சர்க்யூட்" ஏற்பட்டு, பல இடங்களில் விளக்குகள் அணைந்தன.

ஏமாறும் சிக்னல்

டீசல் ரெயில் என்ஜினுக்கும் காற்று வேண்டும், எண்ணெய் வேண்டும். ஆகவே மோட்டார் வண்டிக்கு வரும் தொல்லை எல்லாம் அதற்கும் உண்டு. ஆனால் ரெயிலுக்கு இன்னும் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது.

பல ரெயில் பாதைகளில், தண்டவாளத்தில் சிறிதளவு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ரெயில் வந்ததும் அதன் சக்கரங்களும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். உடனே, "இங்கே ரெயில் இருக்கிறது" என்று சிக்னல் அறிந்துகொள்ளும். பின்னால் வரும் ரெயிலுக்குச் சிவப்பு விளக்கு எரியும். தானாக இயங்கும் லெவல் கிராசிங் கேட் மூடும்.

சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே உலர்ந்த சாம்பல் படிந்தால், மின்சாரம் பாயாது. ரெயில் நிற்கும் இடம் காலியாக இருப்பதாகவே சிக்னல் எண்ணிவிடும்! பிறகு என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியது இல்லை. அதனால்தான், சாம்பல் விழுந்ததும் ரெயிலை நிறுத்திவிடுகிறார்கள்.

மழை பெய்தால் தொல்லை தீருமா? தீராது. நனைந்த சாம்பல் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிகளைத் தாங்கும் பீங்கான்களில் அது ஒட்டிக்கொண்டால் மின்சாரம் கசியும். தண்டவாளம் பிரியும் இடத்தில் சாம்பல் நிறைந்தால் "பாயிண்ட்" நகராது.

ஜப்பானின் கவலை

ஜப்பானில் உள்ள காகோஷிமா நகர மக்களுக்கு இது பழகிய கதை. எதிரே, விரிகுடாவில் நிற்கும் சகுராஜிமா எரிமலை 1955 முதல் அடிக்கடி குமுறி வருகிறது. வீட்டு வாசலில் விழும் சாம்பலை அள்ளிக் கட்ட, நகராட்சியே மஞ்சள் நிறப் பை கொடுக்கிறது! 2011 ஜனவரியில் ஷின்மோயே எரிமலை வெடித்தபோது, அந்த வட்டாரத்தில் ரெயில்கள் நின்றன.

ஆனால் பெரிய கவலை டோக்கியோவைப் பற்றியது. 1707-ம் ஆண்டில் பியூஜி எரிமலை வெடித்தபோது, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் இருந்த அந்த நகரிலும் சாம்பல் கொட்டியது. அப்போது அதன் பெயர் எடோ. அன்று அங்கே ரெயிலும் இல்லை, மின்சாரமும் இல்லை. இன்றோ, டோக்கியோவிலும் அதைச் சுற்றிலும் 3½ கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு ரெயில்தான் கால்.

பியூஜி மீண்டும் வெடித்தால் என்ன ஆகும் என்று ஜப்பான் அரசு நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்தது. 2020-ம் ஆண்டில் அறிக்கை வெளிவந்தது. மிகச் சிறிதளவு சாம்பல் விழுந்தாலே, தரைக்கு மேல் ஓடும் ரெயில்கள் நின்றுவிடும் என்கிறது அந்த அறிக்கை.

இதற்குப் பரிகாரம் பழைய பரிகாரம்தான். ரெயிலை நிறுத்த வேண்டும். சாம்பலை அகற்ற வேண்டும். சிக்னலையும் பாயிண்டையும் சோதித்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகே பச்சை விளக்கை நம்பலாம்.