பலகையை விடாதீர்கள்!

கோவளம் கடற்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நின்று பாருங்கள். வாடகைப் பலகையில் குப்புறப் படுத்துத் தண்ணீரைப் படபடவென்று அடிக்கும் பலர் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். சர்ஃபிங் என்றால் அலை மேல் எழுந்து நிற்பது என்ற நினைப்பில் வருகிறார்கள். நிற்பது சில விநாடிதான். மற்ற நேரமெல்லாம் கையே துடுப்பு. அந்தத் துடுப்பைப் போடத் தெரியாமல் கடலுக்குள் போவதுதான் ஆபத்து.

முதலில், படுக்கும் இடம். பின்னால் சரிந்து படுத்தால் பலகையின் மூக்கு தூக்கிக்கொண்டு வேகத்தைக் கெடுக்கும். முன்னால் ஏறிப் படுத்தால் மூக்கு முழுகும். மூக்கு நீருக்கு மேல் ஓரிரு அங்குலம் இருந்தால் சரி. கால்கள் சேர்ந்திருக்கட்டும். ஒரு கை, பிறகு மறு கை என்று மாற்றிப் போடுங்கள். விரல் நுனி முதலில் நீரில் இறங்க வேண்டும். முழங்கையை மடக்கி, முன்கை முழுவதாலும் தண்ணீரைப் பின்னால் தள்ளி, இடுப்பருகே கையை எடுங்கள். நிதானமாக, நீளமாக. இதை இடுப்பளவுத் தண்ணீரில் பழகிய பிறகே உள்ளே போங்கள்.

இன்னொன்றைப் பலரும் சொல்லித் தருவதில்லை. முதுகை வளைத்து நெடுநேரம் குப்புறக் கிடக்கும் புதியவர்களுக்கு, அடி எதுவும் படாமலே தண்டுவடம் பாதிக்கப்படலாம். ‘சர்ஃபர்ஸ் மைலோபதி’ என்று பெயர். 2004இல் ஹவாய் மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். அரிதுதான், ஆனால் நிரந்தரமாக நடை போய்விடக்கூடும். அவ்வப்போது பலகை மேல் உட்கார்ந்து முதுகுக்கு ஓய்வு கொடுங்கள். திடீர் முதுகுவலி, கால் மரத்துப்போதல், சிறுநீர் கழிக்க முடியாமை – எது வந்தாலும் உடனே கரையேறி 108ஐ அழையுங்கள். எம்.ஆர்.ஐ. வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், சர்ஃபிங் செய்ததைச் சொல்லுங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் படுக்காதீர்கள்.

நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்ட வேண்டாம், கைதான் ஓயும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய், அலை உடையும் இடத்தில் கரைக்குத் திரும்புங்கள். முடியவில்லையா? பலகை மேல் படுத்தபடி ஒரு கையைத் தூக்கி ஆட்டுங்கள். பலகையை விட்டுவிட்டு நீந்தாதீர்கள். மிதக்க வைப்பது அதுதான்.

பணம் கட்டும் முன்பே கேளுங்கள்: பயிற்றுநரிடம் சர்வதேச சர்ஃபிங் சங்கத்தின் சான்றிதழ் உண்டா? உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் காலாவதியாகாமல் இருக்கிறதா? கணுக்கால் கயிற்றை இழுத்துப் பாருங்கள். அறுந்ததை முடிச்சுப் போட்டு மாட்டிய கயிற்றை நானே பார்த்திருக்கிறேன். ஹைதராபாதிலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் உயர் அலை எச்சரிக்கை விட்ட நாளில் கடையைத் திறந்து வைத்திருந்தாலும் இறங்காதீர்கள்.

ரசீது வாங்குங்கள். தர மறுத்தால் யுபிஐயில் கட்டுங்கள். அந்தப் பதிவும் சான்றுதான். அலட்சியத்தால் காயம் பட்டால் பலகையையும் கயிற்றையும் படமெடுங்கள். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டு நகலும், காவல் நிலையத்தில் புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீதும் கேட்டு வாங்குங்கள். ‘நாளைக்கு வாங்க’ என்பார்கள், நகராதீர்கள். பிறகு 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. கெடு 2 ஆண்டு. ‘எல்லாம் என் பொறுப்பு’ என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பின்வாங்க வேண்டாம்.

இதெல்லாம் கரையேறிய பிறகு. கரையேற வேண்டுமே! மறுபடியும் சொல்கிறேன்: பலகையை விடாதீர்கள்.