மாதவிடாய் நாட்களில் வரும் மயக்கம்

வயலில் களை பிடுங்கும்போது, கிணற்றடியில் வாளி தூக்கும்போது, தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது சில பெண்களுக்குக் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. காது அடைக்கிறது, குளிர்ந்த வியர்வை வருகிறது, கால் தளர்கிறது. என்னவென்று கேட்டால், "ஒன்றுமில்லை, சுகமில்லாத நாள்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். மாதவிடாய் என்றால் தலைச்சுற்றும் கூடவே வரும் என்ற எண்ணம் எம்மிடையே வேரூன்றிவிட்டது. இதை நாம் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

ஒரு மாதவிடாயில் பெரும்பாலான பெண்களுக்கு வெளியேறும் இரத்தம் இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவுதான். நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவரை விழுத்த அது போதாது. அப்படியானால் மயக்கம் ஏன் வருகிறது?

குளத்தில் நீர் மட்டம் இறங்கினால் முதலில் காய்வது மேட்டு வயல்தான் என்பது எமக்குத் தெரியும். உடலில் தலைதான் மேட்டு வயல். நிற்கும்போது இரத்தத்தின் அழுத்தம் அதிகம் குறைந்தால் மூளைக்குப் போதாமல் போகிறது. அழுத்தம் பல வழிகளில் குறையலாம். கடுமையான வயிற்று வலி வரும்போது சிலருக்கு இதயத் துடிப்பு மெதுவாகி, இரத்தக் குழாய்கள் தளர்ந்துவிடும். வெயிலில் நெடுநேரம் நின்றால் இரத்தம் கால்களில் தேங்கும். எல்லாவற்றையும்விட, உடலில் தண்ணீர் குறைந்தால் அழுத்தமும் குறையும்.

இந்தத் தண்ணீர் விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முகாம்களிலும் பாடசாலைக் கட்டடங்களிலும் உறவினர் வளவுகளிலும் தங்க நேர்ந்தபோது பெண்கள் பழகிக்கொண்ட ஒன்று, தண்ணீர் குடியாமல் இருப்பது. மலசலகூடம் தூரத்தில், கதவுக்குக் கொக்கி இல்லை, இருட்டில் போகப் பயம். துணி மாற்ற வேண்டிய நாட்களில் கூச்சம் இன்னும் அதிகம். ஆகவே காலையிலிருந்தே வாயைக் கட்டிவிடுவார்கள். சொந்தக் காணிக்குத் திரும்பிய பின்னும் பலரிடம் இந்தப் பழக்கம் போகவில்லை. மலசலகூடத்துக்கு ஒரு கதவும் கொக்கியும் வெளிச்சமும் போட்டுக் கொடுப்பது ஆண்கள் செய்யக்கூடிய வைத்தியம். வேலைக்குப் போகுமுன் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் ஒரு செம்பு குடித்தால் நல்லது.

அடுத்தது வெறும் வயிறு. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, தான் ஒரு பிளேன்ரீயுடன் வயலுக்கு இறங்கும் தாய்மார் எத்தனை பேர்! சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு உழுத்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்துக் கவனிக்கிறோம். அடுத்த மாதமே அந்தக் கவனிப்பு நின்றுவிடுகிறது. இரத்தம் போவது நிற்பதில்லையே.

இனி இரும்புச் சத்து. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தோடு ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. மாதம் 80 மில்லிலீற்றருக்கு மேல் இரத்தம் போகும் பெண் 40 மில்லிகிராமுக்கு மேல் இழக்கிறாள். சோறும் கோதுமை மாவும் பருப்புமாகச் சாப்பிட்டால் இதை ஈடுசெய்வது கடினம். மாதக்கணக்கில் சேமிப்புக் கரைந்து இரத்தச்சோகை வருகிறது. இமையின் உட்புறம் வெளிறும், ஏணி ஏறினால் மூச்சு வாங்கும், எழும்பியதும் தலை சுற்றும். வெறுங்காலோடு நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழுவும் சேர்ந்து இரத்தத்தை உறிஞ்சும்.

முருங்கையிலை, பொன்னாங்காணி, கௌபி, பயறு, எள்ளு இவற்றில் இரும்பு உண்டு. ஆனால் தாவர இரும்பை உடல் சிறிதளவே எடுத்துக்கொள்கிறது. வறையில் தேசிக்காய்ப் புளி விட்டால், அல்லது சாப்பாட்டோடு கொய்யாப்பழமோ நெல்லிக்காயோ சேர்த்தால் கூடுதலாகச் சேரும். மீன், நெத்தலிக் கருவாடு, ஈரல் கொஞ்சம் கிடைத்தாலும் நல்லது. அந்தத் துண்டு முதலில் ஆண்களின் கோப்பைக்குப் போவதைப் பற்றியும் வீட்டில் ஒருமுறை பேசலாம். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் இரும்பு சேர்வது குறையும். ஒரு மணித்தியாலமாவது பொறுக்க வேண்டும்.

ஒருவருக்குக் கண் இருட்டினால் உடனே நிழலில் படுக்க வைத்துக் கால்களை உயர்த்தி வையுங்கள். மேட்டு வயலைப் பள்ளமாக்குவதுதான் இது. தூக்கி நிறுத்தாதீர்கள், நினைவு திரும்புமுன் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். தெளிந்த பின் தண்ணீர் கொடுத்து, முதலில் இருத்தி, பிறகு மெதுவாக எழுப்புங்கள். கிணற்றுக்கட்டில் நிற்கும்போது தலைச்சுற்று வந்தால் வாளியை விட்டுவிட்டு நிலத்தில் இருந்துவிடுவதே பாதுகாப்பு.

மணிக்கு ஒரு துணி நனைகிறது, ஏழு நாளுக்கு மேல் போகிறது, பெரிய கட்டிகளாக விழுகிறது, ஓய்வாக இருக்கும்போதும் நெஞ்சு படபடக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். நாள் தள்ளிப்போய், பிறகு சிறிது இரத்தம் பட்டு, அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலியும் மயக்கமும் வந்தால் அது மாதவிடாய் அல்லாமல் கருக்குழாயில் தங்கிய கருவாக இருக்கலாம். அது உயிருக்கு ஆபத்து. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

மற்றவர்கள் மருத்துவமாதுவிடம் சொல்லி அரசாங்க ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்துக்கொள்ளலாம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தால் இரத்தச்சோகை. வைத்தியர் இரும்புக் குளிசை தந்தால் மலம் கறுக்கும். அதற்காக நிறுத்திவிட வேண்டாம். தலைச்சுற்று நின்ற பின்னும், சேமிப்பு நிரம்பும்வரை, சில மாதங்கள் போட வேண்டியிருக்கும். இனிப்பு என்று நினைத்துச் சிறு பிள்ளைகள் விழுங்கினால் நஞ்சாகும் என்பதால் குளிசைப் போத்தலை உயரத்தில் வையுங்கள்.