1967 ‘காஸினோ ராயல்’ இசைத்தட்டை ஏன் இப்படித் தேடுகிறார்கள்?

பழைய சினிமா இசைத்தட்டுகளைப் பாட்டுக்காக வாங்குகிறவர்கள் ஒரு ரகம். ஒலிக்காக வாங்குகிறவர்கள் வேறு ரகம். இந்த இரண்டாவது கூட்டத்திடம் பேச்சுக் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் ‘காஸினோ ராயல்’ பெயர் வந்துவிடும். டேனியல் கிரெய்க் நடித்தது இல்லைங்க. 1967-ல் வந்த கேலிப்படம். படம் ஒரே குழப்பம். பர்ட் பகராக்கின் இசைதான் அதைக் காப்பாற்றியது என்பது என் கட்சி.

அதில் டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் பாடிய ‘தி லுக் ஆஃப் லவ்’தான் எல்லாரும் போட்டுப் பார்க்கிற பாட்டு. நல்ல பிரதியில், இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஆள் நின்று பாடுகிற மாதிரியே இருக்கும். ‘தி அப்சல்யூட் சவுண்ட்’ பத்திரிகையைத் தொடங்கிய ஹாரி பியர்சன், தன் சிறந்த தட்டுகளின் பட்டியலில் இதைச் சேர்த்தார். அப்புறம் கேட்கணுமா, விலை ஏறிவிட்டது.

பாட்டு இருக்கும் இடமும் இதற்கு உதவுகிறது. எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும். வேகம் மாறாது. ஆனால் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது 20 சொச்சம்தான். அதே ‘ஸ்’ ஓசையை உள்ளே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டும், அதனால் கரகரப்பு வரும். ‘தி லுக் ஆஃப் லவ்’ முதல் பக்கத்தில் இரண்டாவது பாட்டு. தாராளமான இடம்.

சரி, மறுபதிப்பு வாங்கினால் என்ன? இங்கேதான் மூல நாடாவின் கதை வருகிறது. காந்த நாடா ஓட ஓட, வயது ஏற ஏற, முதலில் போவது உச்ச ஒலிகள். 1967 தட்டை வெட்டியபோது நாடா புதுசு. பல வருஷம் கழித்து வந்த பதிப்புகளுக்குக் கிடைத்தது வயதான நாடா. எவ்வளவு நல்ல கருவி வைத்து வெட்டினாலும், நாடாவில் இல்லாததை எங்கிருந்து கொண்டுவருவது? நாடா இழந்ததை இந்த பிளாஸ்டிக் தட்டு வைத்திருக்கிறது. அதுவும் யாரோ ஒருவர் கனமான ஊசியால் தேய்த்துத் தீர்க்காத வரைக்கும்தான்.

வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது: லேபிள் கோல்ஜெம்ஸ், ஸ்டீரியோ என்றால் எண் சிஓஎஸ்ஓ-5005. சிஓஎம்ஓ-5005 மோனோ, அதில் அந்த இடது வலது விரிவு கிடைக்காது. அட்டையில் உடம்பெல்லாம் ஓவியம் தீட்டிய பெண், ராபர்ட் மெக்கின்னிஸ் வரைந்தது. அட்டை பளிச்சென்று இருக்கிறதே என்று பணத்தை எடுக்காதீங்க. தட்டு மின்னினாலும் பள்ளம் தேய்ந்திருக்கலாம், அது கண்ணுக்குத் தெரியாது. அந்த இரண்டாவது பாட்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க. டஸ்டியின் ‘ஸ்’ சீறினால் தட்டை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.